வெந்த வீட்டுக்குப் போன வள்ளியாத்தாள்

வேலங்காட்டுப்புதூரில் வள்ளியாத்தாளிடம் வசவு வாங்காதவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. மணியக்காரர் வாங்கியிருக்கிறார், மாரியம்மன் கோயில் பூசாரி வாங்கியிருக்கிறார், தண்டல் கேட்டு வந்த தலையாரி வாசல்படியிலேயே நின்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். முப்பத்திரண்டு வயதில் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். பிள்ளை கிடையாது. இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு, பங்குக் கிணற்றில் நான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர், வரப்போரம் பதினெட்டுப் பனை, ஒரு வண்டி, ஒரு ஜோடி எருது. இவ்வளவையும் ஒற்றை ஆளாகக் கட்டிக் காக்கிற பெண்ணுக்கு வாய் இல்லாவிட்டால், பங்காளிகள் என்றைக்கோ எல்லாவற்றையும் உழுது விதைத்துத் தின்றிருப்பார்கள். ஊரில் அவளை வாயாடி என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப்பேருக்கு அந்தப் பதினெட்டுப் பனை மேல் கண்.

நாமக்கல்லுக்கு வடக்கே, சேலம் போகிற சாலையை விட்டு மூன்று கல் உள்ளே போனால் அந்த ஊர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷம், பங்குனி மாதத்து மத்தியானம் ஒன்றில் அது எரிந்தது. யார் வீட்டு அடுப்பு என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரும் காட்டில் இருந்தார்கள். மேல்காற்று வேறு. ஓடி வந்து சேர்வதற்குள் முப்பத்திரண்டு வீட்டுக் கூரையும் போய், மொட்டைச் சுவர்கள் மட்டும் கருகி நின்றன. வள்ளியாத்தாளின் வீடும் அதில் ஒன்று. அவள் அழவில்லை. புகையைப் பார்த்து அரைமணி நேரம் திட்டினாள். பிறகு சாம்பலைக் கிளறி, உருகிப்போன பித்தளைச் சொம்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஏழு வண்டிகள் வந்தன. வண்டி நிறையப் பனையோலையும் மூங்கிலும் கற்றாழை நாரும். கூடவே நாற்பது பேர். சொந்தக்காரர்களா என்றால் இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கத்துச் சின்னேரிப்பாளையத்துக்காரர்கள். பெண் கொடுத்ததுமில்லை, எடுத்ததுமில்லை. யாரும் ஆளனுப்பவுமில்லை. புகையைப் பார்த்தார்கள், வண்டியைப் பூட்டினார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு முன்னால் நின்றவர் ராசப்பன் என்று ஓர் ஒடிசலான மனிதர். பேச்சுக்குப் பேச்சு இருமுவார். ஆனால் முகட்டில் ஏறிவிட்டால் இருமல் நின்றுவிடும்.

நான்கு நாள் வேய்ந்தார்கள். வள்ளியாத்தாள் வீட்டில் மேலே ஏற ஆண் இல்லை என்றதும், ராசப்பன் அவளையே சுவரின் மேல் ஏற்றி உட்காரவைத்தார். கீழ் வரிசையிலிருந்து மேல் நோக்கி ஓலையை எப்படி அடுக்க வேண்டும், நாரை எந்தப் பக்கம் இழுத்து முடிய வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கூரை மேல் ஏறிய பெண்ணை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் மேலே இருந்தபடியே அவர்களைத் திட்டினாள்.

வந்தவர்கள் சோற்றைத் துணியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தண்ணீரைக்கூடத் தங்கள் பானையிலேயே கொண்டுவந்திருந்தார்கள். ஊரில் ஒருவர் வீட்டிலும் கை நனைக்கவில்லை. இதுதான் வள்ளியாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. எங்கோ கடன்பட்டுக் கேட்டு ஒரு சொம்பு மோர் வாங்கி வந்து நீட்டியபோது, ராசப்பன் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

"ஏனுங்க, எங்க ஊட்டு மோரு உங்க தொண்டையில எறங்காதுங்களா? நாங்க என்ன பிச்சைக்காரங்களா, சும்மா வேஞ்சு குடுத்துட்டுப் போறதுக்கு?" என்று பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி. வெந்த ஊட்டுல கை நனைக்கறதில்லீங்க. இங்க மிஞ்சுனது ஒரு வாய்னாலும் அது இங்கிருக்கற கொழந்தைங்களுதுங்க" என்றார் அவர்.

"அப்பறம் இதுக்கு நாங்க என்னதான் செய்யறதுங்க?"

"எங்க ஊரு ஆறு வருசத்துக்கு முந்தி வெந்துச்சுங்க. அன்னைக்கு வந்து வேஞ்சவிங்க வேற ஊர்க்காரங்க. அவிங்களுக்கு நாங்க திருப்பி ஒண்ணுஞ் செய்யலீங்க. உங்களுக்குச் செஞ்சோம். நீங்க அடுத்து எங்க வேகுதோ அங்க போங்க. அது போதுமுங்க."

ஏழு வண்டியும் திரும்பிப் போன அன்று, மணியக்காரர் ஊரைக் கூட்டிக் கோயில் முன்னால் கற்பூரம் கொளுத்தினார். இனி சுற்றுவட்டாரத்தில் எங்கே தீப்பிடித்தாலும், வீட்டுக்கு ஓர் ஆளும் ஐம்பது ஓலையும் போக வேண்டும் என்று ஊரே கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தது. சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வள்ளியாத்தாளும் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து வருஷா வருஷம் தன் பனையில் ஓலை வெட்டி, விரித்து, கல்லேற்றித் தட்டையாக்கி, தன் கூரைக்கு வேண்டியதற்கு மேல் ஒரு கட்டு தனியாக வைத்தாள். வாங்கிய உபகாரம் அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அடுத்தவர் கையால் ஒரு கூரை வாங்கிவிட்டுச் சும்மா படுத்துறங்க அவளால் முடியவில்லை. எங்கே புகை தெரிந்தாலும் வெளியே வந்து பார்ப்பாள்.

இரண்டு வருஷம் கழித்து, வைகாசியில், புகை தெரிந்தது. தூரத்தில் இல்லை. ஊருக்குத் தெற்கே, பள்ளத்து ஓடையைத் தாண்டினால் வருகிற சேரி. பதினொரு குடிசை. கோயில் மேட்டில் நின்று ஊரே பார்த்தது. அங்கிருப்பவர்கள்தான் இந்த ஊர்க்காடுகளில் களை வெட்டுகிறவர்கள், கதிர் அறுக்கிறவர்கள், செத்த மாட்டை எடுக்கிறவர்கள். ஒருவர் பெயர் விடாமல் எல்லோரையும் இவர்களுக்குத் தெரியும். பார்த்தார்கள். "அடப் பாவமே" என்றார்கள். கலைந்து வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் விடிந்தும் ஒரு வண்டிகூடப் பூட்டப்படவில்லை. வள்ளியாத்தாள் நேரே மணியக்காரர் வாசலுக்குப் போனாள்.

"ஏனுங்க மணியக்காரரே, எத்தன வண்டி போவுது?"

"எங்கீங்க?" என்றார் அவர், தெரியாதவர் மாதிரி.

"உங்க மூக்குக்கு நேரா எரிஞ்சுதே, அங்கதான்."

மணியக்காரர் வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "நம்ம கற்பூரம் அடிச்சது ஊருகளுக்குத்தானுங்க. சேரி ஊராகுமா? வேணும்னா ஆளுக்குப் பத்து ஓலை பள்ளத்துக்கு இந்தக் கரையில போட்டுரலாம். அவிங்க வந்து எடுத்துக்கட்டும். நம்ம ஆளு போயி அவிங்க கூரைமேல ஏறுனா நல்லாவா இருக்கும்?"

அங்கே இருந்த ஏழெட்டுப் பேரும் அது நியாயம் என்று தலையாட்டினார்கள். அவளுடைய கொழுந்தன் கருப்பண்ணன்தான் ஊக்கமாக ஆட்டினான்.

"சின்னேரிப்பாளையத்துக்காரரு ஓலைய ஏரிக்கரையில கொட்டிப்போட்டா போனாரு?" என்று கத்தினாள் வள்ளியாத்தாள். "உங்க சொவத்துமேல ஏறி உக்காந்து வேஞ்சாரு. நீங்க என்ன ஊருன்னு கேட்டாரா? வாங்கையில ரெண்டு கையையும் நீட்டுனீங்க. குடுக்கையில மட்டும் கரை பாக்கறீங்களே, வெக்கமா இல்ல? இன்னொரு தடவ இந்த ஊரு வெந்துச்சுன்னா, உங்களுக்கு ஒரு ஓலை கெடைக்கக்கூடாது!"

ஊரைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொல்லலாமா என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எரிந்த பதினொரு குடிசையை விட, இவள் வாயிலிருந்து வந்த ஒரு சொல் அவர்களுக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிந்தது. கருப்பண்ணன் அண்ணியின் பின்னாலேயே வந்தான்.

"நங்கை, சொல்றதக் கேளுங்க. அண்ணன் பேர் கெட்டுப்போவும். நீங்க அங்க போனீங்கன்னா பங்குக் கெணத்துல உங்க முறை கெடையாது. சொல்லிப்போட்டேன்."

"செத்துப்போன உங்கண்ணன் பேரு உன்னாலதான் கெடுது. வழிய உடு" என்றாள்.

இரண்டு வருஷத்து ஓலையும் வண்டியில் ஏறியது. அவள் கூரைக்கு அந்த வருஷம் மாற்ற வைத்திருந்ததும் சேர்ந்துதான். ராகிச் சோற்றைத் துணியில் கட்டினாள். ஒரு குடம் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டாள். தானே எருதை ஓட்டிப் பள்ளத்தில் இறக்கி ஏற்றினாள்.

சேரியில் வண்டியைக் கண்டதும் ஆட்கள் பின்வாங்கி நின்றார்கள். ஆராயி என்கிற ஐம்பது வயதுப் பெண் மட்டும் அசையவில்லை. அவள் மருமகள் பிள்ளை பெற்று ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. பச்சைக் குழந்தையோடு புளியமரத்தடியில் ஒரு கிழிந்த சாக்கின் மேல் படுத்திருந்தாள். மேற்கே கோடை மழை கறுத்துக்கொண்டு நின்றது. மழை இறங்குவதற்குள் அந்த ஒரு குடிசையாவது நிமிர வேண்டும். அது வள்ளியாத்தாளுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

"என்ன மரமாட்டம் நிக்கறீங்க? ஓலைய எறக்குங்க! மூங்கில் எங்க? நார யாரு கிழிக்கறது?" என்று வண்டியிலிருந்தே அதட்டினாள். ஆராயியின் மகன் காத்தான்தான் முதலில் வந்தான். ஓலையை அவள் கையில் கொடுக்கத் தயங்கித் தரையில் வைத்தான். "கையில குடுரா!" என்று கத்தினாள். கொடுத்தான். அவள் சுவரில் ஏறி உட்கார்ந்தாள்.

மத்தியானத்துக்குள் பாதிக் கூரை ஏறிவிட்டது. பசி எடுத்தது. வள்ளியாத்தாள் இறங்கி, கட்டுச்சோற்றையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு, தள்ளி இருந்த வேலமரத்தடிக்குப் போனாள். அப்போது ஆராயி ஒரு சட்டியில் கூழ் கொண்டுவந்தாள். எரியாமல் தப்பிய ஒரே சட்டி. பள்ளத்துக்கு அப்பாலிருந்து யாரிடமோ கம்பு வாங்கிக் காய்ச்சியது. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம் ஆராயி. உள்ள கொண்டுபோ. வெந்த ஊட்டுல நாங்க கை நனைக்கறதில்ல" என்றாள் வள்ளியாத்தாள், ராசப்பன் சொன்னது போலவே மரியாதையாக.

ஆராயி சட்டியைக் கீழே வைக்கவில்லை. நேரே முகத்தைப் பார்த்தாள். சேரிப் பெண் ஊர்ப் பெண்ணை அப்படிப் பார்ப்பது வழக்கமில்லை.

"வேகறதுக்கு முந்தி மட்டும் நனைச்சீங்களா, சாமி?" என்று கேட்டாள்.

ஆராயி சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். மீதிக் கூரையை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வேய்ந்து முடித்தார்கள். பிள்ளை பெற்றவளையும் குழந்தையையும் உள்ளே படுக்கவைத்த கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. மற்ற பத்துக் குடிசைக்காரர்களும் அந்த ஒரு கூரைக்குள் நின்றுகொண்டார்கள். வள்ளியாத்தாள் நனைந்துகொண்டே வண்டியைத் திருப்பினாள். உள்ளே வாருங்கள் என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வரமாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதுதான் அவளைச் சுட்டது. வழியெல்லாம் அவள் திட்டினாள். எருதையில்லை, ஊரையில்லை, தன்னைத்தான். அன்று காலையில் சோற்றைக் கட்டும்போது, "நல்ல வேளை, இப்படி ஒரு வழக்கம் இருக்கு, அவிங்க ஊட்டுல குடிக்க வேண்டியதில்ல" என்று மனசுக்குள் ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. ராசப்பன் மோரை வேண்டாம் என்றது குழந்தைகளுக்கு மிஞ்சட்டும் என்று. இவள் கூழை வேண்டாம் என்றது வேறு எதற்கோ. வார்த்தை மட்டும் ஒன்றுதான். மணியக்காரர் ஓலையைக் கரையில் போடச் சொன்னார். இவள் ஓலையைக் கொண்டுபோய் உள்ளே போட்டுவிட்டுத் தன்னைக் கரையில் நிறுத்திக்கொண்டாள். என்ன பெரிய வித்தியாசம்? "தூ, நீயெல்லாம் ஒரு மனுசி" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் அவள் கட்டுச்சோறு கொண்டுபோகவில்லை. குடமும் கொண்டுபோகவில்லை. மத்தியானம் வரை இரண்டாவது குடிசையை வேய்ந்துவிட்டு, இறங்கி, ஆராயியின் அடுப்புக்கு முன்னால் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பசிக்குது. ஊத்து" என்றாள்.

ஆராயி உடனே ஊற்றவில்லை. "வேண்டாஞ் சாமி. உங்கூர்ல தெரிஞ்சா உங்கள ஒண்ணுஞ் செய்யமாட்டாங்க. எங்களத்தான் மரத்துல கட்டுவாங்க" என்றாள். அந்தப் பயம் நியாயமான பயம். வள்ளியாத்தாள் அதையும் யோசித்திருக்கவில்லை.

"எவன் கட்டறான்னு பாக்கறேன். நானே கேட்டு வாங்கிக் குடிச்சேன்னு இப்பவே போயிச் சொல்றேன். ஊத்து."

குடித்தாள். முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டுதான் குடித்தாள். அவள் வளர்ந்த விதம் அப்படி. ஆனாலும் சட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் வைத்தாள். சொன்னபடியே ஊருக்குள் போய், கோயில் முன்னால் நின்று, தான் கூழ் குடித்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அடிக்க வேண்டுமென்றால் தன்னை வந்து அடிக்கட்டும் என்றாள். யாரும் வரவில்லை. ஆனால் கோயிலில் அவளுக்குத் தீர்த்தம் நின்றது. கிணற்று முறையைக் கருப்பண்ணன் நிறுத்தினான். அவள், கிணற்றில் கவலை பூட்டித் தண்ணீர் இறைக்கிற எருதுகள் போய்த் திரும்புகிற தடத்தில் போய் நீட்டிப் படுத்துக்கொண்டாள். எனக்குத் தண்ணீர் இல்லையென்றால் உனக்கும் இல்லை என்றாள். மூன்றாம் நாள், தன் ராகிப் பயிர் வாடுவதைப் பார்க்கமுடியாமல் கருப்பண்ணனே வழிக்கு வந்தான். தீர்த்தம் மட்டும் கடைசிவரை வரவில்லை. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

வண்டி ஓலை தீர்ந்ததும் அவள் பனைகளில் புதிதாக வெட்டி, பதினொரு கூரையும் ஏறி முடிய ஒன்பது நாள் ஆயிற்று. கடைசி நாள் ஆராயி எதிரில் வந்து நின்று, "இதுக்கு நாங்க என்ன செய்யறதுங்க?" என்று கேட்டாள். வள்ளியாத்தாளுக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. இதற்குப் பதில் அவளுக்குத் தெரியும்.

"எனக்கு ஒண்ணுஞ் செய்ய வேண்டாம். அடுத்து எங்க வேகுதோ அங்க போங்க" என்றாள்.

"போறமுங்க. எங்கள உள்ள உடுவாங்களா?" என்றாள் ஆராயி. "நாங்க தொட்ட ஓலைய எந்த ஊர்ல கூரையில ஏத்துவாங்க, சாமி? வாங்கிக்கத்தான் எங்களுக்கு உரிமை. குடுக்கறதுக்கு எங்க இருக்குது?"

வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் இரண்டு வருஷம் நெஞ்சில் முள்ளோடு திரிந்தவள் வள்ளியாத்தாள். இந்தப் பதினொரு குடிசைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த முள்ளோடு திரிய வேண்டும் என்று ஊர் ஏற்பாடு செய்து வைத்திருப்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

நாற்பத்தோராம் வருஷம், மாசி மாதம், கிழக்கே ஐந்து கல் தொலைவில் ஓர் ஊர் எரிந்தது. அங்கேயும் அதே கதை, பதினாறு வீடு. வள்ளியாத்தாள் வண்டியில் ஓலையை ஏற்றிக்கொண்டு முதலில் போனது சேரிக்கு. "ஏறுங்க" என்றாள் ஆராயியிடமும் காத்தானிடமும்.

"உடமாட்டாங்க சாமி."

"உடுவாங்களான்னு என்னையக் கேட்டியே, எனக்குத் தெரியாது. போயி அவிங்களையே கேக்கலாம். ஏறு."

ஊர்த்தெரு வழியாகவே வண்டியை ஓட்டினாள். கோயில் அருகே காத்தான் இறங்கி நடக்கப் பார்த்தான். "எறங்குனா காலை ஒடிச்சுப்போடுவேன்" என்றாள். மணியக்காரர் பார்த்தார். பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

எரிந்த ஊரின் எல்லையில், சாம்பல் படிந்த வேட்டியோடு நான்கு பேர் வந்து மறித்தார்கள். ஓலையை மகராசியாகக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். கூட இருப்பவர்கள் மட்டும் வரவேண்டாம் என்றார்கள். தலைக்கு மேல் கூரையில்லை, அதற்குள் இந்தப் பேச்சு.

"ஓலையும் ஆளும் ஒண்ணாத்தான் வந்துச்சு. உள்ள வந்தாலும் ஒண்ணாத்தான் வரும். திரும்புனாலும் ஒண்ணாத்தான் திரும்பும்" என்றாள் வள்ளியாத்தாள்.

சாயங்காலம் வரை எல்லையிலேயே வண்டி நின்றது. அவள் கத்தினாள், சாபம் விட்டாள், கெஞ்சவும் செய்தாள். பொழுது சாயும்போது, இடுப்பில் ஒரு குழந்தையோடு முத்தாயம்மாள் என்று ஒருத்தி தனியாக நடந்து வந்தாள். "எங்க ஊட்டுக்கு வாங்க. யாரு வேஞ்சா என்னங்க, எங்கொழந்தைக்கு நெழல் வேணும்" என்றாள். மறித்தவர்கள் அவளைத் திட்டினார்கள். அவள் காதில் வாங்காமல் வண்டிக்கு முன்னால் நடந்தாள். மறுநாள் காத்தான் முகட்டில் ஏறினான். ஆராயி கீழிருந்து ஓலையை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பக்கத்து ஊர்களில் அவர்கள் கை கொடுத்த முதல் கூரை அது. வேய்ந்து முடித்து இறங்கியதும் ஆராயி கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மற்ற பதினைந்து வீட்டுக்காரர்களும் வெயிலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டியில் ஓலை மிச்சம் இருந்தது. ஒருவரும் வந்து கூப்பிடவில்லை.

திரும்பி வரும்போது காத்தான் சிரித்த முகமாக இருந்தான். "ஒரு ஊடு வேஞ்சுட்டமுங்க" என்றான்.

"பதினஞ்சு ஊடு வேயலடா!" என்று எரிந்து விழுந்தாள் வள்ளியாத்தாள்.

நாற்பத்தெட்டில் அவள் சாகும்வரை இன்னும் நான்கு ஊர்கள் எரிந்தன. நான்குக்கும் அந்த வண்டி அதே ஆட்களோடு போயிற்று. இரண்டு ஊரில் உள்ளே விட்டார்கள், இரண்டில் விடவில்லை. யாராவது முத்தாயம்மாள் வீட்டைச் சொல்லி அவளைப் புகழ வந்தால், அவள் அந்தப் பதினைந்து வீட்டையும் வரிசையாகச் சொல்லித் திட்ட ஆரம்பிப்பாள். படுக்கையில் கிடந்த கடைசி வாரத்திலும் திட்டினாள். கூழ் ஊற்ற வந்த ஆராயி, "போதுஞ் சாமி, உடுங்க, நானே மறந்துட்டேன்" என்றாள்.

"நீ மறக்கலாம். எனக்கு மறக்க உரிமையில்ல" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஏழாவது வீட்டைத் திட்டத் தொடங்கினாள்.